ஏட்டுத் துளையும் இலைத் துளையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்க இலக்கியம் முதல் புதுக்கவிதை வரை பலவற்றை ஆய்ந்த மேடை இது. இம்மேடையில் நின்று, இருநூற்றுச் சொச்சம் சொற்களே கொண்ட ஒரு குழந்தைப் படப்புத்தகத்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னபோது செயலாளர் சற்றே தயங்கினார். தயக்கத்தில் நியாயம் உண்டு. ஆனால் என் பேச்சு முடியும்போது, நான் பேசியது குழந்தைகளைப் பற்றி மட்டுமன்று, நம்முடைய அகநானூற்றையும் நற்றிணையையும் நாளை படிக்கப்போவது யார் என்பதைப் பற்றியும்தான் என்று நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள் என நம்புகிறேன்.

புத்தகத்தின் பெயரைத் தமிழில் ‘மிகப் பசித்த புழு’ என்று சொல்லலாம். எழுதி, படமும் வரைந்தவர் எரிக் கார்ல். முதற்பதிப்பு 1969-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அறுபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் பெயர்க்கப்பட்டு, ஐந்து கோடிக்கும் மேற்பட்ட படிகள் விற்பனையான நூல். கதை மிக எளிது. நிலவொளியில் ஓர் இலையின்மேல் ஒரு சிறு முட்டை கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அது பொரிந்து, பசித்த புழு ஒன்று வெளிவருகிறது. திங்களன்று ஓர் ஆப்பிளைத் துளைத்துத் தின்கிறது. செவ்வாயன்று இரண்டு பேரிக்காய். இப்படியே வெள்ளிக்கிழமை ஐந்து ஆரஞ்சு வரை எண்ணிக்கை ஏறுகிறது. சனிக்கிழமை, கேக்கும் ஐஸ்கிரீமும் தர்ப்பூசணியுமாகப் பத்து வகைத் தீனியைத் தின்று தீர்த்து, இரவில் வயிற்றுவலியால் துன்புறுகிறது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு பச்சை இலையைத் தின்கிறது, வலி தணிகிறது. பிறகு கூடு கட்டி, இரண்டு வாரத்துக்கும் மேலாக உள்ளே இருந்து, அழகிய பட்டாம்பூச்சியாக வெளிவருகிறது.

இவ்வளவுதான் கதை. ஆனால் புத்தகத்தின் தாள்களில் உண்மையாகவே துளைகள் உண்டு. புழு தின்ற ஒவ்வொரு பழத்தின் நடுவிலும் ஒரு வட்டத் துளை. குழந்தை அதில் விரலை நுழைத்துப் பார்க்கிறது. விரல் மறுபக்கம் எட்டிப் பார்க்கும்போது, அந்த விரலே புழுவாகிவிடுகிறது. ஒருநாள் தாள்களில் துளையிடும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது, ஏட்டைத் துளைக்கும் புழுவின் நினைவு வந்து, அதிலிருந்து இக்கதை பிறந்ததாக கார்ல் சொல்லியிருக்கிறார். முதலில் அவர் எழுதியது வெறும் புத்தகப் புழுவின் கதை. பதிப்பாசிரியர்க்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பட்டாம்பூச்சியாக மாறும் புழுவாக இருந்தால் என்ன என்று அவர் கேட்டார், கதை முழுமை பெற்றது. அளவு மாறும் தாள்களையும் துளைகளையும் கொண்ட அந்நூலை அச்சிட அமெரிக்காவில் மிகுந்த செலவு ஆகும் என்றிருந்ததால், முதலில் ஜப்பானில்தான் அச்சிட்டார்கள்.

இந்தப் புத்தகம் எங்கிருந்து வந்தது என்பதை அறிய, ஆசிரியரின் இளமையைச் சற்றே பார்க்க வேண்டும். எரிக் கார்ல் 1929-இல் நியூயார்க் மாநிலத்துச் சிரக்கியூஸ் நகரில், ஜெர்மனியிலிருந்து குடியேறிய பெற்றோர்க்குப் பிறந்தவர். ஆறு வயதில், 1935-இல், பெற்றோரோடு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகருக்குத் திரும்பினார். அவருடைய தந்தை ஓய்வு நேரங்களில் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு புல்வெளிகளிலும் காட்டிலும் நடப்பார். கல்லைப் புரட்டுவார், மரப்பட்டையை நீக்குவார், அடியில் ஒளிந்திருக்கும் சிற்றுயிர்களைக் காட்டி அவற்றின் வாழ்க்கையைச் சொல்வார். பிறகு அந்த உயிரை அதன் இடத்திலேயே பக்குவமாக வைத்துவிடுவார். பின்னர்ப் போர் மூண்டது. தந்தை படைக்கு இழுக்கப்பட்டு, சோவியத் நாட்டில் போர்க்கைதியாகி, 1947-இல்தான் வீடு திரும்பினார். 1952-இல் அமெரிக்கா சென்ற மகன், பிற்காலத்தில் புழு, சிலந்தி, சில்வண்டு, மின்மினி என்று சிற்றுயிர்களைப் பற்றியே நூல் நூலாகப் படைத்தார். தந்தையோடு நடந்த அந்த நாட்களை இந்நூல்களின் வழியே தாம் போற்றுவதாக அவரே கூறியிருக்கிறார். 2021 மே மாதம், தமது 91-ஆம் வயதில் மறைந்தார்.

இதிலிருந்து நாம் உணர வேண்டியது ஒன்று உண்டு. கல்லைப் புரட்டிக் காட்டிய ஒரு தந்தையின் கையிலிருந்து பிறந்தது இந்தப் புத்தகம். எனவே அது மீண்டும் ஒரு கல்லடிக்கோ, ஓர் இலையடிக்கோ குழந்தையைக் கொண்டு சேர்த்தால்தான் அதன் பயணம் நிறைவுறும். படித்து மூடி அலமாரியில் வைத்துவிட்டால், அது ஏட்டுச் சுரைக்காய்தான்.

இனி, இந்நூலில் உண்மைக்கு மாறானவை என்று அறிவியலார் சுட்டுவன சில உண்டு. புழு ஆப்பிளையும் கேக்கையும் தின்பதில்லை என்பது ஒன்று. பட்டாம்பூச்சிப் புழுக்களில் மிகப் பல தமக்கென்று வகுத்துக்கொண்ட ஒருசில செடிகளின் இலைகளையே தின்னும். வேறு இலை கொடுத்தால் பட்டினி கிடந்து சாகுமே ஒழியத் தொடாது. இரண்டாவது, நூலாற் பின்னிய கூட்டைக் கட்டுபவை பெரும்பாலும் அந்துப்பூச்சிகள். பட்டாம்பூச்சியின் புழு தன் மேல்தோலை உரித்து, உள்ளிருக்கும் தோலையே கெட்டியான உறையாக்கிக்கொள்கிறது. மூன்றாவது, பட்டாம்பூச்சி உறையைக் கடித்துத் துளைத்து வெளிவருவதில்லை. உறை பிளக்கிறது, அது நழுவி வெளியேறுகிறது.

இவற்றைக் காரணம் காட்டிப் புத்தகத்தை ஒதுக்குவோர் உண்டு. என் கருத்து வேறு. பிழையில்லாத பாடநூல் குழந்தையை மனனம் செய்ய வைக்கிறது. இந்தக் கதையோ, “மெய்யாகவே இப்படித்தானா?” என்று கேட்க வைக்கிறது. அக்கேள்விக்கு நாம் வாயால் விடை சொல்லிவிடாமல், “வா, போய்ப் பார்க்கலாம்” என்று எழுந்தால், அன்றைக்கே கல்வி தொடங்கிவிட்டது. ஐந்து வயதுக் குழந்தை, அச்சிட்ட நூலைத் தன் கண்ணால் சரிபார்க்கும் உரிமையைப் பெறுகிறது. வாழ்நாள் முழுதும் துணை நிற்கும் உரிமை அது.

எங்கே போய்ப் பார்ப்பது? வெகுதூரம் போக வேண்டா. நம் கொல்லைப்புறத்துக் கறிவேப்பிலைச் செடியிடம் போனாற் போதும். மாடிக் குடியிருப்பாயின் தொட்டியில் வளரும் எலுமிச்சைக் கன்றும் போதும். கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, வில்வம் ஆகியவை ஒரே குடும்பத்துச் செடிகள். எலுமிச்சைப் பட்டாம்பூச்சி என்று சொல்லத்தக்க ஓர் இனமும், கருமையான உடலும் சிறகும் கொண்ட அதன் உறவினமும் இக்குடும்பத்துச் செடிகளையே நாடி வந்து முட்டையிடுகின்றன.

தொடக்கப் பள்ளியில் பல்லாண்டுகள் பணிபுரிந்தவன் என்ற முறையில், இதைக் குழந்தைகளோடு செய்யும் வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல்நாள், கதையைப் படித்துக் காட்டுங்கள். அவசரமின்றி, துளைதோறும் விரலை நுழைக்க விட்டுப் படியுங்கள். மறுநாள், குழந்தைகளைச் செடியருகே அழைத்துச் சென்று, “இலையில் துளையோ கடித்த தடமோ இருக்கிறதா, தேடுங்கள்” என்று மட்டும் சொல்லுங்கள். புழுவைத் தேடச் சொல்லாதீர்கள். கடித்த இலை கிடைத்தால், கடித்தவரும் பக்கத்தில் இருப்பார் என்பதைக் குழந்தைகளே கண்டுகொள்வார்கள். இளந்தளிரை உற்றுநோக்கினால், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள வெளிர்மஞ்சள் உருண்டை ஒன்று ஒட்டியிருக்கும். அதுவே முட்டை. பெரும்பாலும் தனித்தனியாகவே இருக்கும். ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் நலம், இல்லையெனினும் குறையில்லை. குழந்தைகளின் கண் நம் கண்ணைவிடக் கூரியது.

முட்டை மூன்று நான்கு நாட்களில் பொரியும். வெளிவந்த புழு பெரும்பாலும் முதலில் தின்பது தன் முட்டையோட்டையே. அதன்பிறகு இலை. இந்த நிலையில் அதைப் பார்க்கும் குழந்தை, “இது புழு இல்லை, காக்கை எச்சம்” என்றே சொல்லும். அப்படிச் சொன்னால் பாராட்டுங்கள். பறவைகளும் அப்படி எண்ணி ஏமாந்து போக வேண்டும் என்பதற்காகவே அதற்கு அந்தக் கரும்பழுப்பும் வெள்ளைத் திட்டும் வாய்த்திருக்கின்றன. நான்கு முறை தோலுரிக்கும் வரை இந்த வேடம். நான்காம் முறை உரித்தபின் பச்சைப் பசேலென்று மாறி, இலையோடு இலையாகிவிடும். அப்போது அது ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் நீளத்துக்கு வளரும். குச்சியால் மெல்லத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில், பாம்பின் நாவைப் போலப் பிளவுபட்ட இரு கொம்புகளை நீட்டும், ஒரு நெடியும் வீசும். ஒருமுறை பார்த்தாற் போதும். மறுபடி மறுபடி தொட்டு அதைத் துன்புறுத்தலாகாது என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

செடியிலேயே வைத்துப் பார்ப்பது சிறப்பு. வகுப்பறைக்குக் கொண்டுவர வேண்டுமாயின், வாயகன்ற கண்ணாடிச் சாடி ஒன்று எடுத்து, வாயை மெல்லிய துணியால் மூடி, ரப்பர் வளையம் போடுங்கள். சிறு குப்பியில் தண்ணீர் ஊற்றி அதில் கறிவேப்பிலைக் கொத்தைச் செருகி, குப்பியின் வாயைப் பஞ்சால் அடைத்துவிட வேண்டும். இல்லையேல் புழு தண்ணீரில் விழுந்துவிடும். நாள்தோறும் புதிய இலை வைக்க வேண்டும், எச்சத்தைத் துடைக்க வேண்டும். சாடி வெயிலில் இருக்கலாகாது. கடையில் வாங்கிய கறிவேப்பிலையைக் கொடுக்க வேண்டா. அதில் பூச்சிமருந்து தெளித்திருக்கக்கூடும். ஒரு சாடிக்கு ஒன்றிரண்டு புழுக்களுக்குமேல் வேண்டா.

இப்போது குழந்தைகளுக்கு ஒரு வேலை. நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரு நூலைப் புழுவின் அருகே பிடித்து, அதன் நீளத்துக்கு வெட்டி, கிழமையின் பெயரெழுதிக் குறிப்பேட்டில் வரிசையாக ஒட்ட வேண்டும். எண்ணும் அளவும் அறியாத குழந்தையும் இதைச் செய்யும். பத்து நாட்கள் கழிந்ததும் ஏட்டைத் திறந்து பார்த்தால், நூல்கள் படிக்கட்டுப் போல ஏறி நிற்கும். கதைப்புத்தகத்தில் திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு என்று தாள்கள் படிப்படியாக அகன்று வந்தனவே, அதே படிக்கட்டு இது. இம்முறை அதைக் கட்டியது குழந்தையின் கை.

இன்னொரு சோதனையும் செய்து பார்க்கலாம். கதையில் புழு ஆப்பிள் தின்றதல்லவா? சாடியில் ஒரு சிறு துண்டு பழத்தையும் இலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதை நாடுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். விடையை நான் சொல்லவில்லை, முன்வரிசைச் சிறார்கள் பார்த்துவந்து எனக்குச் சொல்ல வேண்டும். ஆனால் ஒன்று. கதையிலும் கடைசியில் புழுவின் வயிற்றுவலியைத் தீர்த்தது இலைதான். கார்ல் உண்மையை அறியாதவரல்லர்.

இரண்டு மூன்று வாரங்களில் ஒருநாள் புழு தின்பதை நிறுத்திவிடும். நிலைகொள்ளாமல் அலையும். வயிற்றில் உள்ளதையெல்லாம் கழித்துவிட்டு, ஒரு குச்சியைத் தேர்ந்து, வாலை அதில் ஒட்டிக்கொண்டு, பனையேறி இடுப்பில் வடம் மாட்டிக்கொள்வது போலத் தன் உடலைச் சுற்றி ஒரு பட்டிழையைக் கட்டிச் சாய்ந்து நிற்கும். மறுநாள் தோல் உரிந்து கூட்டுப்புழுவாகிவிடும். பச்சைத் தண்டில் நின்றது பெரும்பாலும் பச்சையாகவும், காய்ந்த குச்சியில் நின்றது பழுப்பாகவும் இருப்பதைக் குழந்தைகள் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பின்னர் ஒரு வாரம், பத்து நாள் காத்திருத்தல். இக்காத்திருப்பே இப்பயிற்சியின் மிகச் சிறந்த பகுதி என்பேன். பொத்தானை அமுக்கியவுடன் படம் ஓடும் கருவிகளைக் கையில் வைத்திருக்கும் தலைமுறைக்கு, எவ்வளவு விரும்பினாலும் ஒரு நொடியும் முன்னதாக வராத ஒன்று உலகில் உண்டு என்பதை வேறெப்படிக் கற்பிப்பது?

பெரும்பாலும் ஒரு காலைப்பொழுதில் உறை பிளக்கும். கசங்கிய துணி போன்ற சிறகுகளோடு பூச்சி வெளியே வந்து தொங்கும். உடலிலுள்ள நீர் சிறகின் நரம்புகளில் ஏறி ஏறி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிறகு விரியும். ஓரிரு மணிநேரம் உலர வேண்டும். அதற்குள் கைவைத்தால் சிறகு ஊனமாகிவிடும். பின்னர்ச் சாடியைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்த் திறந்துவிடுங்கள். எடுத்த உயிரை எடுத்த இடத்திலேயே விடுவது, நாம் மேலே கண்ட தந்தையின் வழக்கம்.

அவையோரே, இதுவரை சொன்னது இனிய பக்கம். இனி, பலர் சொல்லாமல் விட்டுவிடும் பக்கத்தையும் சொல்ல வேண்டும். எல்லாப் புழுவும் பட்டாம்பூச்சி ஆவதில்லை. சில நோயுற்றுச் சாகும். செடியில் விட்டவற்றில் பெரும்பாலானவற்றைக் குருவியும் சிலந்தியும் குளவியும் எடுத்துக்கொள்ளும். சில வேளை, ஆவலோடு காத்திருந்த கூட்டுப்புழுவிலிருந்து பட்டாம்பூச்சிக்குப் பதிலாக எள்ளளவான குளவிகள் கூட்டமாக வெளிவரும். குழந்தைகள் அழுவார்கள். ஒருமுறை என் வகுப்பில் அப்படி நேர்ந்தபோது, ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, “அப்ப அந்தக் குளவிக்கும் பசிதானே ஐயா?” என்று கேட்டாள். கதையின் பெயரை அவள் மறக்கவில்லை. எனக்கு விடை சொல்லச் சற்று நேரம் பிடித்தது.

‘குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்’ என்பது நம்மிடையே நெடுங்காலமாக வழங்கும் உவமை. குருவின் அருளால் சீடனும் குருவாவதற்கு இதைச் சொல்வார்கள். சுவரில் மண்குடுவை கட்டும் குளவி உண்மையில் செய்வது வேறு. அது புழுவைக் கொட்டி உணர்விழக்கச் செய்து, மண்கூட்டுக்குள் இட்டு, முட்டையும் இட்டு அடைத்துவிடுகிறது. முட்டையிலிருந்து வந்த குளவிக்குஞ்சு அந்தப் புழுவைத் தின்று வளர்ந்து, குளவியாக வெளிவருகிறது. உவமை பொய்த்துவிட்டதே என்று நாம் வருந்த வேண்டியதில்லை. குரு-சீடர் கருத்து அதனால் குன்றப் போவதும் இல்லை. ஆனால், உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி என்று ஒரு காலத்தில் யாரோ ஒருவர் சுவரருகே நின்று பொறுமையோடு பார்த்திருக்கிறார் என்பதை எண்ணிப் பாருங்கள். பாதி உண்மையைக் கண்ட அந்தக் கண்ணுக்கும் நாம் கடன்பட்டவர்களே. மீதிப் பாதியைக் காண வேண்டிய கண்கள் இன்று சுவரைப் பார்ப்பதையே விட்டுவிட்டன என்பதுதான் என் கவலை.

கறிவேப்பிலை கிடைக்காத இடத்தில் எருக்கு கிடைக்கும். புகைவண்டிப் பாதையோரத்திலும் காலி மனைகளிலும் தானே முளைத்து நிற்கும் செடி அது. கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிகளோடு, முதுகில் மூன்று இணைக் கருங்கொம்புகளோடு ஒரு புழு அதன் இலையைத் தின்னும். அது ஒளிவதே இல்லை. எருக்கின் நஞ்சு அதன் உடலிலும் சேர்வதால் பறவைகள் அதை விலக்குகின்றன. ஒன்று எச்சம்போல வேடமிட்டு ஒளிகிறது, மற்றொன்று பகட்டாக உடுத்தி எச்சரிக்கிறது. இரண்டு புழுக்களையும் அருகருகே வரைந்து பார்க்கும் குழந்தை, அஞ்சி வாழ்வதற்கும் அஞ்சாது வாழ்வதற்கும் இயற்கை வகுத்த இரண்டு வழிகளைக் கண்டுகொள்ளும். ஆனால் எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு. எனவே இலை பறிக்கும் வேலையைப் பெரியவர்களே செய்து, கையை நன்கு கழுவ வேண்டும். அதேபோல, மயிர் அடர்ந்த கம்பளிப்பூச்சியை எக்காரணம் கொண்டும் தொடக்கூடாது என்று முதல்நாளே சொல்லிவிட வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர். தமிழ் வழக்கிலோ கம்பளிப்பூச்சி வேறு, புழு வேறு. உடம்பில் அரிப்பு கண்ட அனுபவத்தில் பிறந்த வேறுபாடு அது.

அதே எருக்கின் காய் வெடிக்கும் பருவத்தில், பட்டுமயிர் சூடிய விதைகள் காற்றில் மிதந்து வரும். சில ஊர்களில் சிறுவர்கள் அதைத் தாத்தாப்பூச்சி என்று பிடித்து ஊதி விளையாடுவார்கள். கார்ல் 1970-இல் வெளியிட்ட ‘மிகச் சிறிய விதை’ என்ற நூலும் காற்றில் பறந்த விதைகளின் கதைதான். ஒன்று கடலில் விழுகிறது, ஒன்று பாலையில் விழுகிறது, ஒன்றைப் பறவை தின்கிறது, கடைசியில் எல்லாவற்றிலும் சிறியது பிழைத்துப் பெரிய மலராகிறது. அதைப் படித்த மறுநாள் ஆளுக்கொரு தாத்தாப்பூச்சியை ஊதிவிட்டு, எங்கே விழுகிறது, அங்கே முளைக்க மண் உண்டா என்று பின்தொடரச் சொல்லலாம். செலவில்லாத பாடம்.

இனி, நம் வட்டத்துக்குரிய பொருளுக்கு வருகிறேன்.

தொல்காப்பிய மரபியல் எப்படித் தொடங்குகிறது? உயிர்களின் இளமைப் பெயர்களோடு தொடங்குகிறது. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை என்று ஒன்பது பெயர்களை எண்ணி, எந்த விலங்கின் இளமைக்கு எந்தப் பெயர் உரியது என்று வகுத்துச் சொல்கிறது. ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களைப் பகுப்பதும் அவ்வியலே. கபிலர் குறிஞ்சிப்பாட்டை, ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவித்தற்பொருட்டுப் பாடினார் என்பது மரபு. ஒருவனுக்குத் தமிழைக் கற்பிக்கப் புகுந்தவர், அப்பாட்டினுள் 99 மலர்களை நிரல்படுத்தி வைத்திருக்கிறார். மலரறியாதவனுக்குத் தமிழ் தெரியாது என்று அவர் கருதினார் போலும்!

சங்க அகப்பாடல்களின் உயிர்நிலை உள்ளுறை உவமம் என்பதை இவ்வவையில் நான் விளக்க வேண்டியதில்லை. கருப்பொருளைச் சொல்லி, சொல்லாத ஒன்றைக் கேட்போர் நெஞ்சில் எழுப்புவது அது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நண்டு வளைக்குள் ஓடுவதையும், வண்டு மலரில் ஊதுவதையும் கேட்பவர் தம் கண்ணால் கண்டிருக்க வேண்டும். காணாதவர்க்கு உரையாசிரியர் எத்துணை விளக்கினாலும் அது பொழிப்புரையாகுமே தவிரப் பாட்டாகாது. இன்று கல்லூரியில் சங்கப் பாடல் படிக்கும் மாணவர்க்கு அருஞ்சொற்பொருள் தேவைப்படுவது சொல் பழையது என்பதனால் மட்டுமா? பொருளையே காணாததனாலும் அல்லவா? நாம் பத்தாண்டுகளாக இங்கே போற்றிவரும் இலக்கியத்தின் வேர், ஐந்து வயதில் ஒரு குழந்தை இலையடியில் எதைக் கண்டது என்பதில் இருக்கிறது.

நம்மிடையே இதற்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. நாவலாசிரியர் அ. மாதவையாவின் திருமகனார் மா. கிருஷ்ணன் (1912–1996), யானையையும் புலியையும் எழுதிய அதே கையால் காக்கையையும் அணிலையும் எழுதினார். இயற்கையறிவு இலக்கியக் குடும்பத்துக்கு அயலானதன்று என்பதற்கு அவரே சான்று. குழந்தைக் கல்வியில் புரட்சி செய்த மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து பயிற்சி நடத்தியதும், போர்க்காலத்தில் கோடைக்கானலில் தங்கி, இயற்கையை நடுவாக வைத்துத் தம் கல்விமுறையை வளர்த்ததும் நம் மண்ணில் நிகழ்ந்தவையே. 2019-இல் ‘தமிழ் மறவன்’ என்ற பட்டாம்பூச்சியை மாநிலப் பட்டாம்பூச்சியாகத் தமிழக அரசு அறிவித்தது. அறிவிப்பு மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் கொல்லையிலுள்ள பட்டாம்பூச்சியின் புழுவைக் கண்டவுடன் செருப்பைத் தேடும் வீட்டில், மாநிலப் பட்டாம்பூச்சியின் பெயரை மனனம் செய்யும் குழந்தையால் என்ன பயன்?

“கறிவேப்பிலையைப் புழு தின்றுவிட்டால் தாளிக்க என்ன செய்வது?” என்று ஓர் அன்னையார் என்னிடம் கேட்டதுண்டு. நியாயமான கேள்வி. சிறு கன்றாக இருந்தால், நான்கைந்து புழுக்கள் சேர்ந்து மொட்டையடித்துவிடும்தான். இரண்டை மட்டும் விட்டுவைத்து, மற்றவற்றைப் பெரிய மரத்துக்கு மாற்றிவிடலாம். வேரூன்றிய செடி மீண்டும் தளிர்விடும். “தேர்வுக்கு இது வருமா?” என்பது இன்னொரு கேள்வி. வராது. ஆனால் எண்ணும், அளவும், கிழமைப் பெயரும், வரைதலும், புதுச்சொல்லும், கண்டதைக் கோவையாகச் சொல்லும் திறமும் இதில் வந்துவிடுகின்றன. “நேரமில்லை” என்பது மூன்றாவது. நாளொன்றுக்குக் கால்மணி நேரம் போதும். உண்மையில் குழந்தைக்கு நேரம் இருக்கிறது, நமக்குத்தான் இல்லை.

இறுதியாக, நம் வட்டத்துக்கு ஒரு விண்ணப்பம். பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்வேளையில், நம் நூலகத்தில் குழந்தைகளுக்கென்று ஓர் அலமாரி ஒதுக்குங்கள். அதன் பக்கத்திலேயே, சன்னலோரம், இரண்டு தொட்டிகளில் கறிவேப்பிலைக் கன்றும் எலுமிச்சைக் கன்றும் வையுங்கள். மருந்து தெளிக்க வேண்டா. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணிநேரம் சிறார்க்கு ஒரு கதை படித்துக் காட்டி, பின் அவர்களைத் தொட்டியருகே விடுங்கள். ஆளுக்கொரு குறிப்பேடு கொடுங்கள். அவர்கள் வரைந்ததையும் எழுதியதையும் அடுத்த ஆண்டு மலரில், நம் ஆய்வுக் கட்டுரைகளுக்கு முன்னால் அச்சிடுங்கள். படித்துக் காட்டும் பொறுப்பை ஏற்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை யார் ஏற்பது என்பதை மட்டும் இக்கூட்டம் கலைவதற்குள் முடிவு செய்துவிட வேண்டுகிறேன். நல்ல தீர்மானங்கள் பல தண்ணீரின்றித்தான் வாடிப் போகின்றன.